செங்கல்லும் நிறமும்: பீதர் மதரசாவும் திருக்கோவிலூர் இராசகோபுரமும்

முன்னுரை

இடைக்கால இசுலாமியக் கட்டடங்களில் காணப்படும் மெருகுச் செங்கல்லையும் மெருகு ஓட்டையும் ‘அலங்காரம்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது வழக்கம். கட்டி முடித்த சுவரின்மேல் ஏற்றப்படும் அணி என்னும் பொருள் அச்சொல்லில் தொக்கி நிற்கிறது. அப்பொருள் எவ்வளவு பொருந்தும் என்பதை, திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயில் இராசகோபுரத்தோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

செங்கல்லில் சேர்ந்த நிறம்

மணற்சத்தும் காரச்சாம்பலும் உலோக ஆக்சைடும் கலந்த கலவையைச் செங்கல்லின் முகத்தில் பூசிச் சூளையில் சுட்டால், அது உருகிக் கண்ணாடிப் படலமாகப் பற்றிக்கொள்ளும். கோபால்ட் கருநீலத்தையும், காரக் கலவையில் செம்பு பசுநீலத்தையும் தரும். ஈரானின் மராகா நகரில் 1147ஆம் ஆண்டளவில் எழுந்த குன்பதெ சுர்க் கல்லறையில், பசுநீல மெருகுத் துண்டுகள் வெறுஞ்செங்கற்களுக்கு இடையே இடம்பெற்றன. பின்னர் வளர்ந்த ‘பன்னாயி’ முறையில், இருவகைச் செங்கற்களையும் மாற்றி அடுக்குவதாலேயே எழுத்தும் கோலமும் தோன்றின. இங்குச் செங்கல் வரிசையே வடிவத்தின் இலக்கணம். ‘அலங்காரம்’ என்னும் சொல் இதனை விளக்கப் போதாது.

சுவரைப் போர்த்திய நிறம்

இம்முடிவைத் தக்காணத்துக்கு அப்படியே நீட்டிக்க இயலாது. ஈரானின் கீலான் பகுதியிலிருந்து வந்து பாமினி அரசின் அமைச்சரான மகமூது கவான், 1472இல் பீதரில் மூன்று தளங்கள் கொண்ட மதரசாவைக் கட்டினார். அங்கு ஓடுகள் கற்சுவரின்மேல் பதிக்கப்பட்டவை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேர்ந்த வெடிமருந்து விபத்தில் கட்டடத்தின் ஒரு பகுதி சிதைந்தது. எஞ்சிய மினாரில் வளைந்தோடும் ஓட்டுப் பட்டைகள் இன்றும் தெரிகின்றன. ஓடுகள் உதிர்ந்த இடங்களிலோ சுவர் நிற்கிறது, நிறம் இல்லை.

சமய அடையாளமும் இக்கலைக்கு எல்லையாகாது. குவாலியர்க் கோட்டையில் மான்சிங் தோமர் (1486–1516) கட்டிய அரண்மனையின் புறச்சுவரில் வாத்தும் வாழையும் மெருகு ஓட்டில் அமைந்துள்ளன.

புதுப்பிக்கும் நிறம்

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரின் 11 நிலை இராசகோபுரம் கல்லாலான அடித்தளத்தின்மேல் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் உயர்வது. அதன் உருவங்கள் சுதையாலானவை. பீதரில் சூளைத்தீ நிறத்தை நிலைநிறுத்த, இங்குக் குடமுழுக்கு அதனைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கிறது. மங்கிய நிறம் இங்கே இழப்பாகாது; அடுத்த திருப்பணிக்கான அழைப்பாகும். எனினும், பூச்சின்மேல் பூச்சேறத் தடிப்புக் கூடி, சுதையின் விரலும் அணியும் கூர்மை இழக்கும். புதுப்பித்தல் என்ற பெயரில் வடிவமே மறையும் இடர் இம்மரபுக்குள் உள்ளது.

முடிவுரை

உட்சேர்ந்த நிறம், போர்த்திய நிறம், புதுப்பிக்கும் நிறம் என மூன்றாகப் பகுத்தால், ‘அலங்காரம்’ என்னும் சொல் மறைத்த வேறுபாடுகள் புலப்படும். பாதுகாப்புப் பணிக்கும் இப்பகுப்பு உதவும். பீதரில் எஞ்சிய ஒவ்வோர் ஓடும் மூலச்சான்று. அதனை மாற்றுவது சான்றை அழிப்பதாகும். திருக்கோவிலூரில் நிறத்தைப் புதுப்பிப்பது மரபு. அதற்குமுன் பழம்பூச்சை நீக்கிச் சுதையின் வடிவைக் காப்பதே அம்மரபுக்குச் செய்யும் நியாயமாகும். ஓரிடத்தின் விதியை மற்றோரிடத்தில் சுமத்தினால் இரண்டும் கெடும்.