இரசாயனவியலில் அட்டவணையின் இடம்

இரசாயன நூல்களிற் காணப்படும் அட்டவணைகளை நினைவுக்குத் துணையாவன என்ற அளவிலேயே மாணவர் மதிப்பர். ஆசிரியராகிய நாமும் பெரும்பாலும் அவ்வாறே கற்பிக்கின்றோம். முன்னரே கண்டறிந்த உண்மைகளைச் சுருக்கி வைக்கும் பெட்டகமே அட்டவணை என்பது இக்கொள்கையாம். இரசாயனவியலின் வரலாறோ இதற்கு உடன்படுவதாயில்லை.

1718ஆம் ஆண்டில் எத்தியன் பிரான்சுவா ஜொப்ருவா என்பார் பாரிஸ் நகரத்து அரச விஞ்ஞானக் கழகத்தில் ஓர் அட்டவணையை முன்வைத்தார். அதில் 16 நிரல்கள் உள. ஒவ்வொரு நிரலின் தலையிலும் ஒரு பொருளின் குறி. அதன் கீழே, அப்பொருளோடு சேரும் நாட்டம் மிக்கது முதலாகக் குறைந்தது ஈறாக ஏனைய பொருள்களின் குறிகள். நைத்திரிக்கமில நிரலில் இரும்பு, செம்பு, ஈயம், இரசம், வெள்ளி என்பன முறையே நிற்கின்றன. வெள்ளி கரைந்த அமிலத்திற் செம்பை இட்டால் வெள்ளி வெளிப்படும். செம்பு கரைந்ததில் இரும்பை இட்டாற் செம்பு வெளிப்படும். இத்தகைய அனுபவங்கள் பல ஒரே தாளில் ஒருங்கு தோன்றின. இங்கு ஒரு பொருளின் இயல்பு, நிறத்தாலோ சுவையாலோ அன்றி, அது நிற்கும் இடத்தால் உணரப்படுகின்றது. நாட்டத்தின் காரணத்தை அவர் விளக்கப் புகுந்திலர்; 'தொடர்பு' என்னும் சொல்லோடு அமைந்தார். ஆதலாற் கொள்கையில் மாறுபட்டோரும் அதனைப் பயன்படுத்த இயன்றது.

எனினும் கட்டம் கண்ணை மயக்குவதும் உண்டு. மேலுள்ளது கீழுள்ளதை எஞ்ஞான்றும் வெல்லும் என்ற எண்ணத்தை நிரல் ஊட்டிற்று. சுவீடன் நாட்டுப் பெர்க்மன், 1775இல், கரைசல் நிலைக்கும் உலர்ந்த வெப்பநிலைக்கும் வெவ்வேறு வரிசைகளை வகுத்து இக்குறையை ஓரளவு நீக்கினார். 1798இல் எகிப்துக்குச் சென்ற பெர்த்தொல்லே, அங்குள்ள உவர் ஏரிகளிற் சுண்ணக்கல்லும் உப்பும் தாக்கிச் சோடியங்காபனேற்று விளைந்திருக்கக் கண்டார். ஆய்கூடத்தில் நிகழ்வதற்கு இது நேர்மாறு. பொருளின் அளவும் விளைவை மாற்றும் என்பதை அந்நிரல்கள் காட்டவில்லை.

1789இல் இலவோசியர் வெளியிட்ட 33 எளிய பொருள்களின் அட்டவணையிலும் இவ்விரு தன்மையும் உள. பகுக்கப்படாததே எளியது என்னும் விதியால் அவர் ஒழுங்கு கண்டார். ஆயினும் ஒளிக்கும் வெப்பத்துக்கும் அதில் இடமளித்தார். சுண்ணம் முதலிய மண்கள் உலோகங்களின் ஒட்சைட்டுக்களாகலாம் என ஐயுற்றும், அன்று பகுக்கப்படாமையால் அவற்றையும் சேர்த்தார். சுண்ணத்தைப் பற்றிய அவ்வையம் தக்கதே என்பது 1808இல் டேவி கல்சியத்தைப் பிரித்தபோது தெளிவாயிற்று.

1869இல் மெந்தலீவ் தம் அட்டவணையில் வெற்றிடங்களை விட்டார். அவற்றுள் மூன்றை 1875இற் கல்லியமும், 1879இல் ஸ்கந்தியமும், 1886இல் ஜேர்மானியமும் நிரப்பின. தெரிந்தவற்றைச் சுருக்கி வைக்கும் பெட்டகம் மாத்திரமாயின், தெரியாதவற்றை அது எங்ஙனம் சுட்டியிருக்கும்?

ஆதலின், வகுப்பறைச் சுவரிலே தொங்கும் அட்டவணையை மாணவர் ஒப்புவிக்கக் கேட்பதோடு நாம் அமைதல் தகாது. ஒரு மூலகம் ஏன் அவ்விடத்தில் நிற்கின்றது, அவ்விடம் அதனைப் பற்றி எதனைக் கூறாது விடுகின்றது என அவர்களை வினாவச் செய்தலே நம் கடனாகும்.