பாதியில் விலகும் மாணவரும் திரும்பக் கேட்கப்படும் உதவித்தொகையும்

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் ஏழை, நடுத்தரக் குடும்பத்து மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு அளிக்கும் பண உதவி, 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பகுதியை அடிப்படையாகக் கொண்டது. திருப்பிச் செலுத்த வேண்டாத பெல் உதவித்தொகை, அரசே தரும் கல்விக் கடன், படித்துக்கொண்டே பகுதிநேர வேலை செய்து ஊதியம் பெறும் திட்டம் ஆகியவை அவ்வுதவியின் முதன்மையான வடிவங்கள். 1972-இல் வேறொரு பெயரில் தொடங்கப்பட்டு 1980-இல் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரைப் பெற்ற அந்த உதவித்தொகை, 2024-25 கல்வியாண்டில் ஒரு மாணவருக்கு அதிகபட்சம் 7,395 டாலராக இருந்தது. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்றோருக்கும் கிடைக்கும் இவ்வுதவி, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் செல்வோருக்குக் கிடையாது. தகுதியைப் பெறுவதில் குடும்ப வருமானத்துக்கு உள்ள பங்கு பலரும் அறிந்தது. பெற்ற தகுதி எப்போது பறிபோகும் என்பதையோ, வகுப்புகளை விட்டு விலகிய பின்னரே பல மாணவர்கள் அறிய நேர்கிறது.

விலகும் மாணவரை இரண்டு விதிகள் பிடிக்கின்றன. முதலாவது, கைக்கு வந்த பணத்தைத் திரும்பப் பெறும் விதி. இரண்டாவது, இனி வரவேண்டிய பணத்தை நிறுத்தும் விதி. தனித்தனி நோக்கத்தோடு தனித்தனியே உருவானவை இவை. ஆயினும் ஒரே மாணவர்மீது ஒரே நேரத்தில் இரண்டும் பாய்வதால், இவற்றைச் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

1998-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியாக இன்றைய வடிவத்தைப் பெற்ற முதல் விதியின்படி, ஒரு செமஸ்டருக்கு வழங்கப்படும் உதவி முழுவதும் அதன் முதல் நாளிலேயே மாணவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. நாள்கள் செல்லச்செல்ல, சென்ற நாள்களின் விகிதத்தில் அதை அவர் ஈட்டுகிறார். அறுபது விழுக்காட்டு நாள்களைக் கடந்தபின் முழுத் தொகையும் ஈட்டப்பட்டதாகிறது. அதற்கு முன் எல்லா வகுப்புகளிலிருந்தும் விலகினால், ஈட்டப்படாத பகுதி அரசுக்குத் திரும்பவேண்டும். ஐந்து நாள்களுக்குக் குறையாத தொடர் விடுமுறைகள் கணக்கில் சேர்வதில்லை.

இப்படியொரு விதி தேவைப்பட்டதற்கு வலுவான காரணம் உண்டு. 1980-களில் லாப நோக்கில் நடத்தப்பட்ட தொழிற்பயிற்சிப் பள்ளிகள் பல, அரசுக் கடனை நம்பி மாணவர்களைச் சேர்த்து, அவர்கள் சில வாரங்களில் வெளியேறினாலும் கட்டணத்தை வைத்துக்கொண்டன. கடன் மட்டும் மாணவர் தலையில் நின்றது. 1990-களின் தொடக்கத்தில் செனட்டர் சாம் நன் தலைமையிலான விசாரணைத் துணைக்குழு இந்த முறைகேடுகளை விரிவாக வெளிக்கொணர்ந்தது. நடத்தாத பாடத்துக்கான பொதுப்பணம் பள்ளியிடம் தங்கக்கூடாது என்ற கொள்கையை, அந்த வரலாற்றை அறிந்த எவரும் மறுக்க முடியாது. கல்லூரிகளுக்கு ஆளுக்கொரு கணக்கு என்றிருந்த நிலையை மாற்றி, நாடு முழுமைக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டுவந்ததும் இவ்விதியின் சிறப்பு.

குறை கொள்கையில் இல்லை, பணம் திரும்பும் வழியில் இருக்கிறது. 105 நாள்கள் கொண்ட ஒரு செமஸ்டரில் மாணவி ஒருவர் 3,000 டாலர் பெல் உதவி பெறுவதாகவும், கல்லூரிக் கட்டணம் 2,500 டாலர் போக எஞ்சிய 500 டாலர் வாடகைக்கும் புத்தகங்களுக்கும் அவர் கையில் தரப்படுவதாகவும் கொள்ளலாம். 42-ஆம் நாளில் அவர் முழுவதும் விலகினால், நாற்பது விழுக்காடாகிய 1,200 டாலரை மட்டுமே ஈட்டியவராகிறார்; மீதி 1,800 டாலர் ஈட்டப்படாதது. அதில் கல்லூரி திருப்பித் தரவேண்டிய பங்கு, கட்டணத்தின் அறுபது விழுக்காடாகிய 1,500 டாலர். எஞ்சிய 300 டாலர் மாணவியின் பங்கு. ஆனால் உதவித்தொகையில் பாதி அளவுக்குச் சட்டமே மாணவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதால், இந்த 300 டாலரை அவர் செலுத்த வேண்டியதில்லை. இதுவரை கணக்கு இரக்கத்தோடுதான் நடக்கிறது. பிறகு கல்லூரியின் சொந்தக் கட்டண விதி குறுக்கிடுகிறது. பல கல்லூரிகளில் கட்டணத்தைத் திரும்பப் பெறும் காலம் முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடுவதால், 42-ஆம் நாளில் விலகியவர் முழுக் கட்டணத்துக்கும் பொறுப்பாளியாகவே இருக்கிறார். கல்லூரி 1,500 டாலரை அரசுக்கு அனுப்பிவிட்டு, அதே 1,500 டாலரை மாணவியின் பெயரில் பாக்கியாக எழுதுகிறது. அரசு மன்னித்தது 300. கல்லூரி கேட்பது 1,500. அந்தப் பாக்கி தீரும்வரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவுசெய்ய முடியாமல் போவதும், பாக்கி வசூல் நிறுவனத்தின் கைக்குப் போவதும் வழக்கமாக நடப்பவை. பள்ளிகளின் பேராசையைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதி, இவ்விடத்தில் கல்லூரிக்கு எந்த இழப்பும் இல்லாமல் மாணவரை மட்டும் கடனாளியாக்குகிறது.

விலகிய காரணத்தை இவ்விதி கேட்பதே இல்லை. நோயில் விழுந்தவருக்கும் வேலை மாறியவருக்கும் படிக்க விருப்பம் அற்றவருக்கும் கணக்கு ஒன்றே. அங்கீகரிக்கப்பட்ட நீண்ட விடுப்பு என்றொரு வழி, பன்னிரண்டு மாதங்களில் 180 நாள்கள் என்ற வரம்போடு விதிகளில் உண்டு. ஆனால் திரும்பி வரும் மாணவர் பாடத்தை விட்ட இடத்திலிருந்தே தொடரவேண்டும் என்ற நிபந்தனையை, செமஸ்டர் முறையில் நடக்கும் கல்லூரியால் நிறைவேற்றுவது அரிது. அதனால் அந்தக் கதவு பெயரளவுக்கே திறந்திருக்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது, நேர்மையாக நடப்பவருக்கு விதி தரும் பலன். வருகைப் பதிவு கட்டாயமில்லாத கல்லூரியில், முப்பது விழுக்காட்டு நாள்களில் அலுவலகத்துக்குச் சென்று முறைப்படி விலகுபவர் முப்பது விழுக்காட்டை மட்டுமே ஈட்டுகிறார். யாரிடமும் சொல்லாமல் அதே நாளில் நின்றுவிட்டவருக்கோ, அவர் கடைசியாக வகுப்பில் பங்கேற்ற நாளுக்கான சான்றைக் கல்லூரி பயன்படுத்தாதபோது, செமஸ்டரின் நடுப்பகுதியே விலகிய நாளாகக் கொள்ளப்படுகிறது. அவர் ஐம்பது விழுக்காட்டை ஈட்டியவராகிறார். எல்லா வகுப்புகளையும் விடாமல் ஒரே ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு அதை முடிப்பவருக்கு இந்தத் திருப்பிச் செலுத்தும் கணக்கே பொருந்துவதில்லை. இந்நுணுக்கங்களை அறிந்த ஆலோசகர் அருகில் இருக்கும் மாணவர் தப்பிக்கிறார்; குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர் சிக்குகிறார். உதவி யாருக்காக ஏற்பட்டதோ அவரையே கூடுதலாக வருத்தும் ஏற்பாடு இது.

இரண்டாம் விதியின் பெயர், திருப்திகரமான கல்வி முன்னேற்றம். உதவி பெறுபவர் பட்டத்தை நோக்கி நகர்கிறாரா என்பதை மதிப்பெண் சராசரி, படிப்பின் வேகம், மொத்தக் கால வரம்பு ஆகிய மூன்றால் இது அளக்கிறது. பட்டத்துக்கு 120 கிரெடிட் தேவையென்றால், அதன் ஒன்றரை மடங்காகிய 180 கிரெடிட்டுக்குள் முடிக்கவேண்டும். ஆகவே வேகக் கணக்கின்படி, எடுத்த கிரெடிட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையேனும் தேறியிருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் இதை 67 விழுக்காடு என வைத்துள்ளன. தேர்ச்சியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உதவி பெறுவதைத் தடுக்கும் வரம்பு என்ற அளவில் இது நியாயமானது. மாணவரை விரைவில் எச்சரிப்பதால் வீணான கடனிலிருந்து காப்பாற்றவும் கூடும்.

சேர்க்கைக் கால அவகாசத்துக்குள் வகுப்பை நீக்கிக்கொண்டால் அது பதிவில் ஏறாது. அவகாசம் கடந்து விலகினால், மதிப்பெண் சராசரி பாதிக்கப்படாது என்பதைக் கேட்டு மாணவர் நிம்மதி அடைகிறார். ஆனால் வேகக் கணக்கில் விலகலும் தோல்வியும் ஒன்றே. முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்து முழுவதும் விலகியவர், அடுத்த செமஸ்டரில் 15-இல் 15-உம் தேறினாலும் 30-க்கு 15 என்று ஐம்பது விழுக்காட்டில்தான் நிற்பார். மூன்றாம் செமஸ்டரிலும் முழுவதும் தேறினால் 45-க்கு 30, அதாவது 66.67 விழுக்காடு. பின்னத்தை முழுமையாக்காத கல்லூரியில் அதுவும் 67 ஆகாது. தவறாமல் தேறிய இரண்டு செமஸ்டர்களாலும் ஒரு விலகலின் கறையை முற்றிலும் துடைக்க முடியாத அளவுக்கு இந்த அளவுகோல் கடுமையானது. ஆண்டுகள் பல கழித்துத் திரும்பி வருபவருக்கும் பழைய பதிவு காலாவதி ஆவதில்லை.

மேல்முறையீடு உண்டு. உறவினரின் மரணம், மாணவரின் நோய் அல்லது விபத்து, பிற சிறப்புச் சூழல்கள் ஆகியவற்றைக் காட்டி முறையிடலாம். ஏற்கப்பட்டால் நன்னடத்தைக் காலம் போன்றதொரு தவணையில் உதவி தொடரும். ஆனால் மேல்முறையீட்டுக்கு இடம் தருவதா இல்லையா என்பதைக் கல்லூரியே முடிவு செய்யலாம். எச்சரிக்கையோடு ஒரு தவணை உதவியைத் தொடரும் சலுகையும், ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் முன்னேற்றத்தைச் சோதிக்கும் கல்லூரிகளில் மட்டுமே உண்டு. ஒரே நாட்டின் ஒரே பணத்துக்கு, எந்தக் கல்லூரியில் சேர்ந்தார் என்பதை ஒட்டி மாணவரின் கதி மாறுவதற்கு ஏற்கத்தக்க காரணம் ஏதும் இல்லை.

இவ்விதிகளைத் தளர்த்தினால் பொதுப்பணம் பாழாகும் என்ற வாதத்துக்கு 2020-ஆம் ஆண்டே ஒரு பதிலைத் தந்தது. கொரோனா தொற்றின்போது நிறைவேற்றப்பட்ட கேர்ஸ் சட்டம், அந்நெருக்கடியால் விலகியவர்களின் உதவியைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து கல்லூரிகளுக்கும் மாணவர்களுக்கும் விலக்கு அளித்தது. முடிக்கப்படாத கிரெடிட்டுகளை வேகக் கணக்கிலிருந்து நீக்கவும் வழிசெய்தது. விலகலுக்குக் காரணம் பார்ப்பது நிர்வாகத்தால் இயலாத காரியம் அன்று என்பது அப்போதே மெய்ப்பட்டது. நாடு முழுவதையும் தாக்கிய நோய்க்குக் காட்டிய பரிவை, ஒரே ஒரு மாணவரைத் தாக்கும் புற்றுநோய்க்கும் காட்டுவதே முறை.

திருத்தம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கல்லூரி அரசுக்குத் திருப்பிய தொகையை மாணவரிடம் மீண்டும் வசூலிக்கக்கூடாது என்று உயர்கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்ப்பதும், சான்றோடு நிரூபிக்கப்பட்ட நோயாலும் உறவினரின் மரணத்தாலும் நேர்ந்த விலகலை வேகக் கணக்கிலிருந்து நீக்குவதும், மேல்முறையீட்டை எல்லாக் கல்லூரிகளுக்கும் கட்டாயமாக்குவதும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கையில் உள்ளவை. அதுவரை, வகுப்பை விட எண்ணும் எந்த மாணவரும் விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன் நிதியுதவி அலுவலகத்துக்குச் சென்று, எந்தத் தேதியில் விலகினால் எவ்வளவு பாக்கி நிற்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.