பிளக்ஸில் வெளுக்கும் நம் முகங்கள்

உடம்புக்கும் சாதி உண்டு. இதைச் சொல்ல இன்றைக்கு மனுநூல் தேவையில்லை. தஞ்சை மாவட்டத்துச் சாலையோரங்களில் நிற்கும் ஜிம் விளம்பரங்களும் புரோட்டீன் பவுடர் விளம்பரங்களுமே போதும். ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு படங்கள். முதல் படத்தில் இருப்பவன் கறுப்பு, தொந்தி, தொங்கிய தோள். இரண்டாவதில் அதே ஆள் வெளுத்து, வயிற்றில் கட்டம் கட்டமாக நிற்கிறான். மூன்று மாசத்தில் வயிறு குறையலாம், சரி. நிறம் எப்படிய்யா மாறியது? எண்ணெய் தடவி, மூச்சை இழுத்துப் பிடிக்கவைத்து எடுத்த படத்தில் மிச்சத்தைக் கம்ப்யூட்டர் செதுக்கியிருக்கிறது. உடம்போடு சேர்த்து நிறத்தையும் ‘திருத்த’ வேண்டும் என்பதுதான் இந்தப் படங்களின் கருத்தியல்.

டெல்டாவில் தசைக்கு எப்போது பஞ்சம் இருந்தது? நெல்கட்டைத் தலையில் ஏற்றி வரப்பில் நடந்தவனின் கெண்டைக்காலும், நாளெல்லாம் குனிந்து நடவு நட்டவளின் முதுகும் எந்த ஜிம்மில் உருவானவை? அந்த உடம்பை யாரும் அழகு என்று சொல்லவில்லை. அதன்மேல் சவுக்கடி விழுந்தது. அதன் வாயில் சாணிப்பாலை ஊற்றினார்கள். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் திரட்டிய போராட்டங்கள் அதை எதிர்த்தே எழுந்தன. கூலி உயர்வு கேட்டு நிமிர்ந்த அதே உடம்புகளில் 44ஐ 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் எரித்தார்கள். உழைப்பைக் கழித்துவிட்டு, வெள்ளை பூசிய பிறகுதான் தசை இங்கே ‘அழகு’ ஆகிறது.

1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. 2014இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் ஒரு விதி செய்தது: தோல் நிறத்தை எந்தச் சாதியோடும் தொழிலோடும் இணைத்துக் காட்டக் கூடாது. விதியில் ‘சாதி’ என்ற சொல்லையே எழுத வேண்டி வந்தது என்றால், நோய் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நார்வேயில் 2022 முதல், உடலையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் அதை முத்திரையிட்டுச் சொல்ல வேண்டும். நல்லதுதான். ஆனால் நம் தெருமுனையில் நாமே கட்டுகிற பிளக்ஸுக்கு எந்த முத்திரை?

எங்க சின்னம்மா செத்தபோது கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடித்தார்கள். நாற்பது வருசம் சேத்துல நின்னவ. டிசைன் போடுற பையன் அவளைச் சந்தனமாக்கி, நெற்றித் தழும்பை அழித்து, இல்லாத மூக்குத்தியை வைத்துவிட்டான். துக்கத்துக்கு வந்தவர்கள் நின்று பார்த்து, “இது யாரு?” என்று கேட்டார்கள். மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சி மாநாடு எல்லாப் பிளக்ஸிலும் இதுதான் நடக்கிறது.

“அழகா இருக்க எங்களுக்கு ஆசை இருக்கக் கூடாதாண்ணே?” என்று தம்பிகள் கேட்கிறார்கள். இருக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் அணிந்த கோட்டு சுயமரியாதை. கூலிங்கிளாஸும் போடலாம், ஜிம்முக்கும் போகலாம். நகை பூட்டுவது வேறு, தோலை உரித்துக்கொள்வது வேறு. அதேபோல, சேத்துப்புண்ணை அழகு என்று பாடுவதும் மோசடிதான். புண்ணுக்கு மருந்தும் உழைப்புக்குக் கூலியும் வேண்டும். நான் சொல்வது ஒன்றுதான்: திருத்தப்பட வேண்டியது நம் முகம் அல்ல.

தோழர்களே, அடுத்த பிளக்ஸுக்குப் படம் கொடுக்கும்போது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “நிறத்தைத் தொடாதே.” நம் பிள்ளைகள் தங்கள் பாட்டியை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும்.