கண்ணால் மேய்வதும் மூக்கால் மேய்வதும்

கோடியக்கரைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது, பூநாரை வந்துவிட்டதா என்றுதான். விசாரிக்க வேண்டிய பறவைதான் அது. தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி அடியில் வரும்படி நீரில் அமிழ்த்தி, நாக்கால் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளி, அலகோரத்துச் சல்லடையில் இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். நிற்கும்போது வெளுத்துக் கிடந்த உடம்பு, இறக்கை விரித்த கணத்தில் சிவப்பும் கறுப்புமாக மாறும். ஆனால் பூநாரையைப் படமெடுத்த கையோடு காரில் ஏறிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அவர்கள் காலடிக்கு எதிரே, சேற்றோரத்தில், அதைவிட நுட்பமான காரியம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

சோழமண்டலக் கரை தெற்கே ஓடி வந்து சட்டென்று மேற்கே திரும்புகிற முனை கோடியக்கரை. 1967-இல் சரணாலயமானது, 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வேதாரண்யத்திலிருந்து வரும் சாலைக்கு மேற்கே சதுப்பும் உப்பளங்களும் விரிந்து கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வடியத் தொடங்கும்போது ஈரச்சேறு விளிம்பு விளிம்பாக வெளியே வரும். அந்த விளிம்புதான் பந்தி.

பந்தியில் இரண்டு சாதிப் பறவைகள். உப்புக்கொத்தி கண்ணால் மேயும். உருண்டைத் தலை, குட்டை மூக்கு, முகத்துக்குப் பெரிதான கரிய கண். நாலடி ஓடும், சடக்கென்று நிற்கும், பார்க்கும், குனிந்து ஒரே கொத்து. மறுபடி ஓட்டம். சில சமயம் ஒற்றைக்காலைச் சேற்றின் மேல் படபடவென்று நடுங்க வைக்கும். அதிர்வில் அடியில் கிடக்கும் பூச்சியோ புழுவோ அசையும். அசைந்தால் போதும், கண் பிடித்துவிடும்.

உள்ளான் மூக்கால் மேயும். கொசு உள்ளானுக்கு எடை 20 முதல் 30 கிராம்தான். ஆர்க்டிக் தூந்திரத்தில் பிறந்தது, குளிருக்கு இங்கே வருகிறது. அது நிற்பதே இல்லை, தைத்துக்கொண்டே போகும். அதன் பக்கத்தில் கொஞ்சம் உயரமாக, மூக்கு நுனி கீழ்நோக்கி வளைந்த உள்ளான் ஒன்று வயிறு நனைய நின்று துழாவும். பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் அது வளைமூக்கு உள்ளானேதான். இந்த மூக்குகளின் நுனியில் தொடுவுணர்ச்சி திரண்டிருக்கிறது. பல உள்ளான்களால் மூக்கு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து, சேற்றுக்குள்ளேயே இரையைக் கவ்வ முடியும். கண்ணுக்குத் தெரியாத இருட்டில் நடக்கிற சாப்பாடு. ஒரே சேறு, ஒரே நேரம். ஒன்று மேலே கிடப்பதை எடுக்கிறது, மற்றது உள்ளே கிடப்பதை எடுக்கிறது. சண்டைக்கு அவசியமே இல்லை.

இதைப் படத்தில் கொண்டுவர வேண்டுமானால் கேமரா தரைக்கு இறங்க வேண்டும். நின்றபடி எடுத்தால் சேற்றில் கிடக்கும் பழுப்புப் புள்ளிதான் மிஞ்சும். வரப்பில் குப்புறப் படுத்து, லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பின்னணிச் சேறு கரைந்துபோய், கொசு உள்ளானின் முதுகில் ஒவ்வோர் இறகின் வெளிறிய ஓரமும் தனித்தனியாக எழுந்து வரும். காலையில் சாலைப் பக்கமிருந்து மேற்கே பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் கண்ணில் ஒளிப்பொட்டு விழும். அந்தப் பொட்டு இல்லாத படம் எனக்குப் படமாகவே தோன்றுவதில்லை. உள்ளானின் தலையசைவை நிறுத்த விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும். வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தின் மேல் கானல் நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதற்குமேல் கூர்மை தராது. கிட்டே நடந்து போகவும் வேண்டாம். படுத்த இடத்தில் அசையாமல் இருந்தால், மேய்ந்தபடி அவையே நெருங்கி வரும். எழுப்பிப் பறக்கவிட்டு எடுக்கிற படத்துக்காகப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த உடம்பின் கொழுப்பைக் கரைப்பது நியாயமில்லை.

கூட்டம் பார்க்க டிசம்பர், ஜனவரி போதும். நிறம் பார்க்க மார்ச் கடைசியில் இன்னொரு தடவை போக வேண்டும். வடக்கே கிளம்புமுன் அந்த வளைமூக்கு உள்ளானின் சாம்பல் மார்பில் செங்கல் சிவப்பு ஏறத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் ஒன்றாக ஏறாது: ஒன்றுக்குக் கழுத்தோரம் நாலு இறகு, பக்கத்தில் இருப்பதற்கு அரை வயிறு, இன்னொன்றுக்கு முகம் வரைக்கும்.