உன் தம்பி வேய்ந்த குடில்

எல்லாரும் சொல்லி முடித்த கதையில் ஒரு கவிஞனுக்கு என்ன மிச்சம் இருக்கும்? தேவபாடையில் இக்கதையை மூவர் செய்துவிட்டார்கள், அவர்களில் முந்தியவர் சொன்னபடியே நானும் சொல்கிறேன் என்று பாயிரத்திலேயே கம்பர் கூறிவிடுகிறார். மான் ஓட வேண்டும், சீதை தனித்திருக்க வேண்டும், இராவணன் வர வேண்டும். கேட்கிறவர்களுக்கு எல்லாம் மனப்பாடம்.

வான்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பரில் அவன் கை அவள்மேல் படுவதே இல்லை. விரும்பாத பெண்ணைத் தொடக் கூடாது என்ற பிரமன் சொல் நினைவுக்கு வர, பன்னசாலையை ஒரு யோசனை நிலத்தோடு பெயர்த்துத் தேரில் வைக்கிறான். கற்பின் மேன்மைக்காகச் செய்த மாற்றம் என்று சொல்லிப் பலரும் நகர்ந்துவிடுவார்கள். எனக்கோ அந்தக் குடிலை விட்டு வர மனமில்லை. சீதையோடு அதுவும் இலங்கைக்குப் போகிறதே!

கம்பர் அதை மறக்கவில்லை. ஆரணிய காண்டத்தில் பெயர்த்த குடில் சுந்தர காண்டத்தின் முடிவில், அனுமன் இராமனிடம் செய்தி சொல்லும்போது, மறுபடி வருகிறது. சீதையைக் கண்டதை அவன் முதற்சொல்லாக வைத்த அழகைப் பட்டிமன்றம்தோறும் கேட்டிருக்கிறோம். அங்கேயே நின்றுவிடாமல் இன்னும் சில பாட்டுத் தள்ளிப் போய்ப் பார்க்க வேண்டும். கடலுக்குள் இலங்கை, அதன் ஒருபுறம் காலையும் மாலையும் அறியாத பொற்கற்பகச் சோலை, அதற்குள், உன் தம்பி புல்லால் வேய்ந்த தூய சாலையில் இருக்கிறாள் என்கிறான் அனுமன். கடலில் தொடங்கிய பாட்டு ஊர், சோலை என்று ஒடுங்கி, புல்லுக்கு இறங்கி, அவளிடம் வந்து முடிகிறது.

அத்தனை பொன்னுக்கு நடுவே ஒரு பிடி புல்! அதை வேய்ந்தவன் யார்? மானின் பின்னே போன அண்ணனைத் தேடிப் போகச் சொல்லி, சுடுசொல் பேசி அவள் விரட்டிய இலக்குவன். அவன் கூரையே பகைவன் ஊரில் அவளுக்கு நிழல். கம்பர் இதை விரித்துச் சொல்லவில்லை. ‘உன் தம்பி’ என்பதோடு விட்டுவிடுகிறார். இராவணனின் எந்த மாளிகையிலும் அவள் தங்கவில்லை என்ற செய்தியும் தனியே சொல்லாமல் இராமனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மண்ணோடு பெயர்த்த அந்தக் கணத்திலேயே இந்தப் பாட்டு கம்பர் மனத்தில் இருந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.