கையளிக்கப்பட்ட பாடல்கள்

ஆசானின் பாடல்களை மட்டுமே பாடி ஒரு கலைஞர் இசைத்தொகுப்பு வெளியிடும்போது, அவர் ஆசானிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டார் என்று நாம் கேட்கலாம். அமெரிக்கப் பாடகர் ஸ்டீவ் எர்ல் 2009-இல் வெளியிட்ட ‘டவுன்ஸ்’ என்னும் தொகுப்பு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

டவுன்ஸ் வான் ஸான்ட் 1944-இல் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் பிறந்தார். சொற்சிக்கனமும் ஆழ்ந்த துயரமும் நிறைந்த அவருடைய பாடல்களைச் சக பாடலாசிரியர்கள் போற்றினர்; பெருந்திரளான மக்களோ அவரை அறியவில்லை. அவர் இயற்றிய ‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’யை வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் பாட, 1983-இல் அது கன்ட்ரி இசை வரிசையில் முதலிடம் பெற்றது. ஆயினும் மதுவும் போதையும் அவரது வாழ்வை அரித்தன. 1997 புத்தாண்டு நாளில், தம் 52ஆம் வயதில் மறைந்தார்.

எர்ல் அவரைச் சந்தித்தது 1972-இல், ஹூஸ்டன் நகரின் சிற்றரங்கு ஒன்றில். மேடையில் இளைஞர் பாட, அவையில் அமர்ந்திருந்த டவுன்ஸ் ஒரு பழம்பாடலைப் பாடுமாறு கேட்டுக் கேலி செய்தாராம். அப்பாடலை அறியாத எர்ல், டவுன்ஸ் எழுதிய ‘மிஸ்டர் மட் அண்ட் மிஸ்டர் கோல்ட்’ என்னும் சொற்செறிவுமிக்க பாடலையே பாடி அவரை வாயடைக்கச் செய்தார். தொகுப்பில் அதே பாடலைத் தம் மகனோடு மாறி மாறிப் பாடுகிறார். ஆசானின் பெயரைத் தாங்கிய அம்மகன், ஜஸ்டின் டவுன்ஸ் எர்ல்.

பதினைந்து பாடல்கள் கொண்ட இத்தொகுப்பில் பலவற்றை எர்ல் முதலில் தனியே கிட்டார் மீட்டிப் பதிவு செய்தார். பிற கருவிகள் பின்னரே சேர்ந்தன. ஆசானின் தாளநடையை நினைவில் நிறுத்த இது துணை நின்றது. அவர்தம் கரகரத்த குரல் இனிமையைத் தேடுவதில்லை. சொல்லைச் சொல்லாகவே விட்டுச் செல்கிறது. டாம் மொரெல்லோவின் மின்கிட்டார் முழங்கும் ‘லங்ஸ்’ மட்டும் நம்மை நிறைவு செய்யவில்லை. அப்பாடலின் அச்சம் அதன் தனிமையில் உறைவது. ஓசை பெருகியதும் அச்சம் சுருங்கிவிடுகிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில், மரபைக் கையளிப்பதையும் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதையும் ஒரே வினைச்சொல் குறிக்கிறது. கலை மரபிலும் இவ்விரு பொருளும் அருகருகே நிற்கின்றன. ஆசானின் பாடலோடு அவரது அழிவையும் சீடர் அழகென்று கொள்ளக்கூடும். துன்புற்றால்தான் பாடல் பிறக்கும் என்னும் மயக்கம் அவ்வாறே பரவுகிறது. எர்ல் தாமும் போதையில் வீழ்ந்தவர். 1994-இல் சிறை சென்று, பின்னர் மீண்டவர். ஆகவே இத்தொகுப்பில் ஆசானின் பாடலைத் தெளிந்த மனத்தோடு ஒருவர் பாடக் கேட்கிறோம். டவுன்ஸின் பாடல்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்றே எண்ணுகிறோம். அவை நிற்பதற்குப் பாடகரின் வீழ்ச்சி தேவையில்லை என்பதை இக்குரல் மெய்ப்பிக்கிறது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. 2020 ஆகஸ்டில் ஜஸ்டின் போதைப்பொருளால் இறந்தார், வயது 38. அவருடைய பிறந்தநாளான 2021 சனவரி 4 அன்று தந்தை ‘ஜே.டி.’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். அதில் மகனின் பத்துப் பாடல்களோடு தாம் எழுதிய ஒன்றையும் பாடினார். மூத்தோரிடமிருந்து இளையோருக்கு இறங்க வேண்டிய பாடல் இங்கே மகனிடமிருந்து தந்தைக்கு ஏறியது.

இன்று ‘டவுன்ஸ்’ தொகுப்பில் தந்தையும் மகனும் மாறி மாறிப் பாடும் அந்த ஒரு பாடலை மகிழ்ச்சியோடு மட்டும் கேட்க நம்மால் இயலவில்லை. பிள்ளைகளுக்குப் பெயரையும் பாட்டையும் நாம் கொடுக்கிறோம். அவற்றோடு வேறு எவையெவை சேர்ந்து செல்கின்றன என்பதை முழுமையாக அறிவதில்லை. தேர்ந்து கையளிப்பதே மூத்தோர் கடமை. அது நிறைவேறாதபோதும் பாடுவதை நிறுத்தாத ஒரு தந்தையின் குரலை இத்தொகுப்புகளில் கேட்கிறோம்.