கோள் எனப்படுவது யாது?

ஒரு பொருளுக்கு இலக்கணங் கூறப் புகுவோர், அதனைப் பிற இனத்தினின்றும் பிரித்துக் காட்டல் வேண்டும். அதன் இனத்துள் ஒன்றனையும் புறத்தே விடுதலும் ஆகாது. குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் குற்றமென்பது நம் நூலார்க்கு ஒப்பமுடிந்தது. 2006-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி பிராக் நகரிற் கூடிய அனைத்துலக வானூற் சங்கத்தார் கோளுக்கு வகுத்த இலக்கணம் இவ்வுரைகல்லில் எங்ஙனம் நிற்கின்றது என்பது ஆராயற்பாலது.

அவர் கூறிய இயல்புகள் மூன்று. கதிரவனைச் சுற்றி வருதல் ஒன்று. தன் ஈர்ப்பாலே உருண்டை வடிவு எய்துமளவு நிறையுடைமை ஒன்று. தான் செல்லும் நெறியின் சூழலைத் துப்புரவு செய்திருத்தல் ஒன்று. முன்னிரண்டும் உடைத்தாய்த் துணைக்கோளும் அன்றாய் மூன்றாவது இல்லாதது 'குறுங்கோள்' எனப் பெயர் பெற்றது. 1930 முதல் ஒன்பதாங் கோளாக எண்ணப்பட்ட புளூட்டோ இம்மூன்றாவது இன்மையானே நீக்கப்பட்டது. பல்லாயிரவர் உறுப்பினராயுள்ள சங்கத்தில் இறுதிநாள் வரை இருந்த சில நூற்றுவரே வாக்களித்தனர் என்று குறை கூறுவர். அது குறையன்று, உண்மை தலையெண்ணிக்கையான் வருவதன்று ஆகலின், கூறியது பொருந்துமா என்பதே கேட்கற்பாலது.

முதலியல்பு குன்றக் கூறலாம். பிற விண்மீன்களைச் சுற்றும் உலகங்கள் 1992 முதலாகக் கண்டறியப்பட்டு, இப்பொழுது ஐயாயிரத்திற்கு மேற்பட்டன. அவையெல்லாம் இவ்விலக்கணத்துள் அடங்கா. தாம் கூறியது ஞாயிற்றின் குடும்பத்திற்கே என்று சங்கத்தார் வரைந்துகொண்டமையால் வழுவமைதி உண்டு எனலாமேனும், ஓர் ஊர்க்கு மட்டும் ஆகும் இலக்கணம் முழு இலக்கணம் ஆகாது.

மூன்றாவதே பெரும் பூசலுக்கு இடமாயது. ஒரு பொருளின் இயல்பு அப்பொருளிடத்தே இருத்தல் வேண்டும். அஃது இருக்கும் இடத்தாலும் அண்டையயலாராலும் அதனை அறுதியிடல் எங்ஙனம் என்பர் மறுப்போர். 2015-ல் மார்கோ என்னும் அறிஞர் வகுத்த கணக்கின்படி, புதன் புளூட்டோவின் தொலைவில் இருப்பின் தன் நெறியைத் துப்புரவு செய்யும் ஆற்றல் உடைத்தாகாது. ஒன்றே ஓரிடத்துக் கோளும் பிறிதோரிடத்துக் கோளன்மையும் ஆதல் யாங்ஙனம் என்பது அவர் வினா.

இம்மறுப்பு வலியுடையது போலத் தோன்றினும் நிற்பதன்று. சார்பு பற்றி இலக்கணங் கூறுதல் எங்கும் உண்டு. சனியையும் வியாழனையும் சுற்றுவன துணைக்கோள் எனப்படுவது சார்பு பற்றியே. வியாழனைச் சூழும் கானிமீடு புதனினும் பருத்தது. அதனைக் கோளென்பார் மிகச் சிலர். சார்ந்ததன் வண்ணமாதலை உயிரின் இலக்கணமாகவே கொண்ட சித்தாந்திகளுக்கு இது புதுமையன்று.

மூன்றாம் இயல்பின் தேவையைக் காட்டும் சான்று சென்னையிலேயே உள்ளது. பட்டினப்பாக்கத்துக் கடற்கரைக்குச் சில கல் தொலைவிலுள்ள நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே 1861-ம் ஆண்டு ஏப்ரல் 17-ல் நார்மன் போக்சன் என்பார் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைநின்ற ஒரு சிறு பொருளைக் கண்டு, ஆசியாக் கண்டத்திலிருந்து காணப்பட்டமையால் 'ஆசியா' எனப் பெயரிட்டார். இவ்வாறு காணப்பட்டவற்றில் அஃது அறுபத்தேழாவது. 1801-ல் முதன்முதற் காணப்பட்ட சீரிசு கோளென்றே கொள்ளப்பட்டது; அடுத்த ஆறாண்டிற் காணப்பட்ட மூன்றும் அங்ஙனமே. 1845-க்குப் பின் ஆண்டுதோறும் புதியன வரவர, கோளெண்ணிக்கை ஏறிக்கொண்டே போதலைக் கண்டு அஞ்சி, அவற்றையெல்லாம் தனியே எடுத்து எண்ணிட்டுச் சிறுகோள் என்று ஒதுக்கினர். சென்னை ஆசியா ஒருநாளும் பெருங்கோள் என்று பாராட்டப் பெறாமைக்குக் காரணம் இதுவே. 1866-ல் போக்சனே இங்குக் கண்ட சில்வியாவுக்குப் பின்னாளில் துணைகள் இரண்டு உண்டென்று தெரிந்தது; ஏவலர் இருவர் இருந்தும் அது கோளாகவில்லை! கூட்டத்துள் ஒன்றாய் நிற்பதும் தன் நெறியில் தனியாட்சி செலுத்துவதும் வெவ்வேறு இனம் என்பதை அக்காலத்தாரே கண்டனர். புளூட்டோவின் சூழலில் 1992 முதல் எண்ணிறந்த தோழர் தோன்றியதும், அதனினும் நிறைமிக்க எரிசு 2005-ல் அறியப்பட்டதும் பழைய கதையே மீண்டும் நிகழ்ந்ததாம்.

ஆயின் 'துப்புரவு' என்ற சொல் தெளிவற்றது. வியாழனின் நெறியிலும் அதனுடன் செல்லும் சிறு பொருள்கள் ஆயிரக்கணக்கில் உள. வியாழன் அவற்றைத் துடைத்திலது, தன்வயப்படுத்தியது. சூழலிலுள்ளவற்றைத் தன் ஈர்ப்பால் ஆளுதல் என்றிருப்பின் வழக்கு இல்லை. பொருள் செவ்விது, சொல் வழுவுடைத்து.

இனி நவக்கிரகம் பற்றிச் சிறிது. 1930-க்கும் 2006-க்கும் இடையே மேனாட்டார் கோள்களும் ஒன்பதாயிருந்தமை கண்டு, நம் முன்னோர் கண்ட ஒன்பதும் இவையே என்று மகிழ்ந்துரைத்தாரும் உளர். அது பேதைமை. மேனாட்டார் ஒன்பதில் ஞாயிறும் திங்களும் இல்லை. நம் ஒன்பதில் பூமி இல்லை. இராகு கேதுக்களோ திங்களின் நெறி ஞாயிற்றின் நெறியை வெட்டும் இரு புள்ளிகள். எண் ஒத்தது தற்செயல். அத்தற்செயலை அரணாகக் கொண்டோர் அது 2006-ல் இடிந்தபொழுது நாணினர்.

ஞாயிற்றைக் கோளென்ற முன்னோர் அறியாதார் என்று நகைப்பாரும் தவறினரே. நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் பட்டினப்பாலை பிரித்துரைக்கின்றது. நிலையாய்த் தோன்றும் மீன்களினூடே இடம் பெயர்ந்து செல்வது எதுவோ அது கோள் என்பது அவ்வழக்கு. புகார்ப் பட்டினப்பாக்கத்துக் காலக்கணிதர் இருக்கையைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. காலங் கணிப்பார்க்கு வேண்டுவது பெயர்ச்சியே. அவ்வளவில் ஞாயிறும் திங்களும் கோளே, குற்றமில்லை. அதே ஞாயிறும் திங்களும் இறைவனின் எட்டுருவம் எண்ணுமிடத்து நிலம் நீர் முதலியவற்றோடு சேர்த்து எண்ணப்படும். எண்ணும் நோக்கம் வேறாக நிரலும் வேறாகும். மறைக்காட்டிற் கோளறு பதிகம் அருளிய பிள்ளையார் பாம்பிரண்டையும் உடன்கூட்டி ஒன்பதும் அடியார்க்கு நல்லவே என்றது, வானூலார் தீர்மானத்தால் கூடுதலும் குறைதலும் இல்லாதது. மயிலைக் கபாலீச்சரத்தில் நவக்கிரகத்தை வலம் வருவார் புளூட்டோவைப் பற்றிக் கவலுதல் வேண்டா.

தமிழில் நூல் எழுதுவார் கவலற்பாலது வேறொன்று. குறுங்கோள் கோளன்று என்பது சங்கத்தார் முடிபு. நம் மொழியிலோ பண்புத்தொகையில் முன்மொழி பின்மொழியை விசேடிக்குமேயன்றி அழிக்காது. குறுமுனி முனியே, கருங்குவளை குவளையே. ஆகவே குறுங்கோள் கோளன்று என்று பாடநூல் கூறுங்கால், அஃது எங்ஙனம் என்று மாணவன் வினவின் ஆசிரியர்க்கு விடையில்லை. ஆங்கிலத்திலும் இவ்விடர் உண்டு. அதனை அப்படியே இறக்குமதி செய்தது நம் பிழை. கோள் என்பதைத் தலைச்சொல்லாகக் கொள்ளாத பெயரொன்று புளூட்டோவுக்கும் சீரிசுக்கும் வேண்டும்.